மயிலாடியில் மூணு கொட்டேஷன்!

எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. பேனா வாங்கினாலும் பிரின்டர் வாங்கினாலும் பைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஆடிட்டர் முறைப்பார். ஒன்றுதான் இருந்தால் சிரிப்பார். அவர் சிரித்தால் யாருக்கோ இன்க்ரிமென்ட் போச்சு என்று அர்த்தம்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். விசிட்டிங் கார்டில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று போட்டிருக்கும். நிஜத்தில் பார்க்கிற வேலை, ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் 'உங்கள் ரேட்டைத் தயவுசெய்து அனுப்பவும்' என்று கெஞ்சுவது. கெஞ்சின பிறகு ஞாபகப்படுத்துவது. ஞாபகப்படுத்தின பிறகு, ஞாபகப்படுத்தினதை ஞாபகப்படுத்துவது. நாம் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். அவர்கள் விற்கிறவர்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தானே நம் பின்னால் அலைய வேண்டும்? மாட்டார்கள். இதே வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள், பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரை நினைத்துக்கொள்ளவும்.

போன வருஷம் எங்கள் எம்.டி. குடும்பத்தோடு கன்னியாகுமரி போனார். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ம் தேதி திறந்தார்களே, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், அதில் நடந்தார். கீழே பார்த்தால் கடல். பயந்துபோய் மேலே பார்த்தால் வள்ளுவர். திரும்பி வந்ததும் எம்.டி. சொன்ன முதல் வார்த்தை, "நம்ம கம்பெனிக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுல்ல? ரிசப்ஷன்ல ஒரு வள்ளுவர் வைக்கறோம். மூணு அடி. கல்லுல."

கன்னியாகுமரி ஜில்லாவில் கல் சிலை என்றால் மயிலாடி. நாகர்கோவிலுக்கும் குமரிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தெருவுக்குத் தெரு சிற்பப் பட்டறை. நான் விசாரித்து ஏழு பட்டறைகளின் விலாசம் பிடித்தேன். கூரியர் அனுப்பினேன். மெயில் போட்டேன். வாட்ஸ்அப்பில் எம்.டி. எடுத்த வள்ளுவர் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

பலன்? இரண்டு கூரியர் திரும்பி வந்தது. நாலு பேர் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அது சம்மதமா, சவாலா தெரியவில்லை. இன்னொருவர் அன்றிலிருந்து தினமும் விடியற்காலை 'இனிய காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ படம் அனுப்ப ஆரம்பித்தார். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. ரேட்தான் வரவில்லை.

பொறுமை இழந்து, வியாபாரிகளைக் கோத்துவிடும் ஒரு வெப்சைட்டில் 'கல் சிலை, மூன்று அடி, ஒன்று' என்று பதிந்தேன். அரை மணியில் பதினான்கு போன். ஜெய்ப்பூரிலிருந்து பளிங்கு, ஆக்ராவிலிருந்து டைல்ஸ், கோயமுத்தூரிலிருந்து கிரைண்டர்! கேட்டவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"என்னய்யா, ஒரு மாசமாச்சு?" என்றார் மேனேஜர்.

"ரிமைண்டர் போட்டிருக்கேன் சார்."

"போட்டதெல்லாம் போதும். நேர்ல போ. அப்படியே அந்தத் தோவாளை மாணிக்க மாலைக்கும் ரேட் வாங்கிடு. போன வருஷம் அதுக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, எம்.டி. பேப்பர்ல படிச்சிருக்கார். சிலை திறக்கற அன்னிக்குப் போடணுமாம்."

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். டிக்கெட்டுக்கு மட்டும் மூன்று கொட்டேஷன் கேட்கவில்லை. ரயில்வே ஒன்றுதானே இருக்கிறது.

*

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயில் நுழையும்போது விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை செம்மண்ணும் உடைமரமுமாக வந்த பூமி, மலையின் இடுக்கு வழியே நுழைந்த மாத்திரத்தில் பச்சைக்கு மாறும். இரண்டு பக்கமும் காற்றாலைகள், ரிடையர் ஆனவர்கள் கைவீசி வாக்கிங் போகிற மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் வாழை, தென்னை, குளம், தாமரை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. பேச்சில் இன்னும் அந்த வாசனை உண்டு. 'ஞாபகம் இருக்கா' என்று கேட்கமாட்டார்கள். 'ஓர்மை இருக்கா' என்பார்கள்.

நாகர்கோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்து நேரே தோவாளைக்கு விட்டேன். பூச்சந்தை காலை வேலை. நான் போனபோது ஏழு மணி. பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி என்று தரை முழுக்க மலை மலையாகக் குவிந்து கிடந்தது. மூட்டைகள் ஓடுகின்றன. ஆட்கள் ஓடுகிறார்கள். லெதர் பையோடு நடுவில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"அண்ணாச்சி, ஒரு கொட்டேஷன் வேணும்" என்றேன், தராசு முன்னால் இருந்தவரிடம்.

"எந்தப் பூவு?"

"இப்போதைக்கு பிச்சிக்குச் சொல்லுங்க."

"எந்த மணிக்குள்ள வெல வேணும்?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "இப்ப மணி ஏழு. ஏழு மணிக்கு ஒரு வெல. எட்டு மணிக்கு திருவனந்தபுரம் வண்டி போயிரும். அதுக்குப் பொறவு வேற வெல. பத்து மணி தாண்டிட்டா நீங்க சொல்லுகதுதான் வெல."

"எங்க ஆபீஸ்ல முப்பது நாள் வேலிடிட்டி கேப்பாங்களே."

அண்ணாச்சி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ மக்கா! இந்த சாருக்கு முப்பது நாளு வாடாத பூ வேணுமாம். ஒங்கிட்ட இருக்கா?"

சந்தையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

ஆனால் அதன் பிறகு அவர் சொன்னது சிரிப்பில்லை. "தப்பா நினைக்காதிய. பூவுக்கு வெல வைக்கது நாங்க இல்ல. ராத்திரி மழ பெஞ்சா ஒரு வெல, முகூர்த்தம்னா ஒரு வெல. ஓணத்துக்கு முந்தின பத்து நாளு மலையாளத்துக்காரங்க அத்தப்பூ கோலத்துக்கு வந்து நிப்பாங்க. அந்நேரம் சொந்த மச்சான் கேட்டாலும் வெல சொல்ல முடியாது. நீங்க என்னைக்குன்னு தேதி சொல்லுங்க, நான் வெல சொல்லுகேன்."

தேதி எனக்கே தெரியாது. பைலில் 'உத்தேசமாக' என்றுதான் இருந்தது.

மாணிக்க மாலை கட்டுகிறவரின் வீட்டுக்கு ஆட்டோக்காரரே அழைத்துப் போனார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை இலை இவற்றை நாரில் மடித்து மடித்துப் பாய் முடைகிற மாதிரி கட்டுகிறார்கள். கட்டி முடித்தால் பூ தெரியாது. கல் பதித்த நகை தெரியும். பெயர்க் காரணம் அதுதான். அவர்களும் தலை நிமிராமல் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னைக்கு?"

பன்னிரண்டு வருஷமாக நான் அனுப்பிய விசாரணைக் கடிதங்களில் இந்த 'என்னைக்கு' இருந்ததா என்று யோசித்தேன். 'தங்களின் மிகக் குறைந்த விலையை உடனே அனுப்பவும்' என்று இருந்தது. உடனே என்பது அவர்களுக்கு. நமக்கு எப்போது என்பது நமக்கே தெரியாது.

*

டவுனில் சிலை வியாபாரம் செய்யும் கடை ஒன்று இருப்பதாக ஆட்டோக்காரர் சொன்னார். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். ஏ.சி. ரூம், கண்ணாடி மேஜை. உட்கார்ந்ததும் எலுமிச்சை ஜூஸ் வந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"கொட்டேஷன்தானே சார்? எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும். உங்களுது."

"பைலுக்கு மூணு வைக்கணும்லா?"

மனிதர் டிராயரைத் திறந்தார். மூன்று லெட்டர்பேடு எடுத்தார். மூன்றும் வேறு வேறு கம்பெனிப் பெயர். வேறு வேறு கலர். ஒன்றில் பிள்ளையார், ஒன்றில் கலங்கரை விளக்கம், ஒன்றில் ஆங்கிலம் மட்டும். கம்ப்யூட்டர் பையன் பத்து நிமிஷத்தில் மூன்று விலை அடித்து, மூன்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மூன்று கையெழுத்தும் அவனே போட்டு நீட்டினான். ஒன்றுக்கொன்று சரியாக எட்டு சதவீதம் வித்தியாசம்.

ஒரு மாதம் நாய் படாத பாடு பட்டவனுக்குப் பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது!

உத்தமன் வேஷம் போட நான் தயாரில்லை. இந்த மாதிரி 'துணைக் கொட்டேஷன்' வாங்குவது எங்கள் தொழிலில் புதிதல்ல. யாரிடம் வாங்குவது என்று முதலிலேயே முடிவாகியிருக்கும். மற்ற இரண்டும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, சும்மா நிற்க. நானே பல பைலில் நிற்க வைத்திருக்கிறேன். அன்றைக்கும் சந்தோஷமாக மடித்துப் பையில் வைத்திருப்பேன். வெளியே வந்து படித்தபோதுதான் பார்த்தேன். மூன்றிலும் 'திருவல்லுவர் சிலை' என்று இருந்தது. மூன்று கம்பெனிக்கும் ஒரே ளகர வியாதி!

ஆடிட்டர் கண்ணில் பட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று மயிலாடிக்கு பஸ் ஏறினேன். பயம்தான் காரணம். கடமை உணர்ச்சி என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

*

வழியில் சுசீந்திரம். இறங்கிப் பத்து நிமிஷம் கோயிலுக்குள் போய் வந்தேன். ஒரே கல்லில் செதுக்கிய சின்னத் தூண்களின் கொத்து. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம். பதினெட்டு அடி ஆஞ்சநேயர் வெண்ணெய்க்காப்பில் பளபளவென்று நின்றார். இதையெல்லாம் செய்தவர்களிடம் ராஜா கொட்டேஷன் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் தூண் பாடியிருக்காது.

மயிலாடிக்கு விலாசம் தேவையில்லை. காது போதும். முதலில் கட்டர் மிஷின் 'கிர்ர்ர்' என்று கத்தும். அது ஓய்ந்தால் உள்ளிருந்து உளிச் சத்தம் கேட்கும். ரோட்டோரம் பாதி முடிந்த அம்மன், தலை மட்டும் வெளியே வந்த யானை, கண் திறக்காத முனீஸ்வரன், வரிசையாக அம்மி, ஆட்டுரல். எல்லாவற்றின் மேலும் பவுடர் பூசின மாதிரி வெள்ளைத் தூசி. வேலை செய்கிற பையன்களின் இமையிலும் அதே பவுடர்.

என் லிஸ்டில் மூன்றாவதாக இருந்த பட்டறை. ஓலைக் கொட்டகை. பெரியவர் ஒருவர் நந்தியின் காதுக்குள் உளியை விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்து வாறிய?"

"சென்னைங்க ஐயா. ஒரு மாசம் முன்னாடி உங்களுக்கு லெட்டர் போட்டிருந்தேன்..."

"வந்துது."

"வாட்ஸ்அப்பும் அனுப்பினேன்."

"அதும் வந்துது. மவன் காட்டுனான்."

"பதில் வரலீங்களே."

"பதிலு போடல்ல" என்றார். இதைவிடச் சரியான பதில் எனக்கு அதுவரை எந்த வெண்டரும் சொன்னதில்லை.

சாயா வந்தது. கூடவே ஒரு சீப்பு மட்டிப்பழம். விரல் நீளம்தான் இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம். இரண்டு தின்றால் சாப்பாடே வேண்டாம் போல் மணக்கும். நான் நாலு தின்றேன்.

"ஐயா, மூணு அடி வள்ளுவர். சும்மா ஒரு மதிப்பா விலை சொன்னாப் போதும்."

அவர் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். மூன்று கல் கிடந்தது. ஒரு சின்னச் சுத்தியலால் முதல் கல்லைத் தட்டினார். 'டொக்.' இரண்டாவதைத் தட்டினார். 'டிங்' என்று கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. மூன்றாவது, தட்டினது அவருக்குத்தான் தெரியும், கல்லுக்குத் தெரியவில்லை.

"கேட்டியளா? மணி மாதிரி பேசுகது சாமிக்கு. பேசாதது தளத்துக்கும் சுவருக்கும். ஒங்க வள்ளுவருக்கு உள்ள கல்லு நாளைக்குத்தான் லாரியில இறங்கும். அதத் தட்டிப் பாக்காம நான் என்ன வெல சொல்ல? பாதி வேலையில மூக்குப் பக்கம் ஒரு கீறல் தெரிஞ்சா அவ்வளவுதான். நாப்பது நாள் கூலி போச்சு. பொறவு அந்தக் கல்லுல அம்மி கொத்தலாம், வள்ளுவரு வரமாட்டாரு."

"அப்ப டவுன்ல உடனே சொல்றாங்களே?"

"அவங்க யாவாரி. வெலய மொதல்ல போட்டிருவாங்க, கல்லப் பொறவு தேடுவாங்க. நாளைக்கு சாயங்காலம் வாருங்க."

*

ஆக, ஒரு முழுப் பகல் சும்மா. காலையில் பஸ் பிடித்துக் குளச்சல் போனேன். மீன் வாசனை, உப்புக் காற்று, கரையில் வெற்றித் தூண். 1741-ல் இங்கேதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு இதில் சுவாரஸ்யம் ஏற்பட்டதில்லை. பர்ச்சேஸில் சேர்ந்த பிறகு யோசித்தால், ஐயா, இது முழுக்க முழுக்க ரேட் தகராறு!

டச்சுக்காரர்களுக்கு வேண்டியது மிளகு. மலையாளக் கரையில் இருந்த குட்டி ராஜாக்களோடு 'மிளகு எங்களுக்கே தர வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்குத் தர வேண்டும்' என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். மார்த்தாண்ட வர்மா அந்தக் குட்டி ராஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வந்தார். ஒப்பந்தம் கையெழுத்திட்ட வெண்டரே இல்லாமல் போனால் கம்பெனி என்ன செய்யும்? 1739-ல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரில் வந்தார். (என் மாதிரி, மெயிலுக்குப் பதில் இல்லாமல்.) பேச்சு முற்றி, படையெடுப்போம் என்று மிரட்டினார். ராஜா அசரவில்லை. நானும் ஒரு நாள் ஐரோப்பா மேல் படையெடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். திருவிதாங்கூர் சரித்திரம் எழுதினவர்கள் இதைத் தவறாமல் சொல்கிறார்கள். நம் தொழிலில் எந்த வெண்டரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

1741-ல் சண்டை. கம்பெனி தோற்றது. கடைசியில் 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை. இவ்வளவு மிளகு, இந்த விலை என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. பதினாலு வருஷம்! நான் ஒரு மாதத்துக்கு அலுத்துக்கொண்டேன்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் டி லனாய். டச்சுப் படையோடு வந்து, குளச்சலில் பிடிபட்டு, ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆனவர். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது அவர் கல்லறை. 1777-ல் இறந்தார். நான் போனபோது கோட்டையில் நாலைந்து காதல் ஜோடிகளும் ஒரு மாடும் இருந்தார்கள். மலிவு விலைக்கு மிளகு கேட்ட கம்பெனியின் ஆள், மிளகு விளையும் ஊரிலேயே முப்பத்தாறு வருஷம் இருந்து அங்கேயே அடங்கிவிட்டார். ஆடிட்டர் யாரும் தேடி வந்த மாதிரித் தெரியவில்லை.

*

சாயங்காலம் மயிலாடிக்குப் போனபோது கல் இறங்கியிருந்தது. தட்டியும் பார்த்துவிட்டார். "கொள்ளாம்" என்றார். நல்ல கல் என்று அர்த்தம்.

"இப்ப எழுதித் தரலாமா ஐயா?"

பதில் சொல்லாமல் உள்ளே போனார். ஒரு பழைய ரெக்ஸின் பையோடு வந்தார். ஜிப் போய், சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

உள்ளே முழுக்கக் கடிதங்கள். இன்லண்ட் லெட்டர், பழுப்புக் கவர், மங்கிப்போன ஃபேக்ஸ். பெங்களூர், பம்பாய், கோயமுத்தூர். டிரஸ்ட், மில், காலேஜ், பாங்க். எல்லாவற்றிலும் நான் எழுதுகிற அதே வரி: 'தங்களின் மிகக் குறைந்த விலையை உடனே அனுப்பவும்.' ஒவ்வொரு கடிதத்தோடும் அவர் அனுப்பிய பதிலின் கார்பன் காப்பி குண்டூசியில் குத்தியிருந்தது. அதில் பென்சிலில் சிலையின் படம். நின்ற கோலம், உட்கார்ந்த கோலம், பீடம் எத்தனை அங்குலம், கல் எத்தனை கன அடி. அழகான குண்டு குண்டுக் கையெழுத்து. சில காப்பிகளில் அவர் அப்பாவின் கையெழுத்து.

"ஒண்ணு எழுத ஒரு பகல் போவும். படம் வரையணும், அளவு கணக்குப் பாக்கணும்லா."

"இதுல எத்தனை ஆர்டர் வந்துது?"

"கடுதாசியில கேட்டதுலயா? ஒண்ணும் வரல்ல. நம்ம வேல எல்லாம் ஆளு நேர்ல வந்து, சாயா குடிச்சி, கல்லத் தொட்டுப் பாத்து சொன்னதாக்கும்."

கொஞ்ச நேரம் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் வரல்லைன்னு வருத்தமில்ல தம்பி. வேற எடத்துல கொறைய கிடைச்சிருக்கும், வாங்கியிருப்பாங்க. அது யாவாரம். ஆனா வேண்டாம்னு ஒரு வரி எழுதலாம்லா? ஒருக்க ஒரு காலேஜுக்கு சரஸ்வதி. அவங்க கடுதாசி எழுதுன விதத்தப் பாத்து கிடைச்சிரும்னு நம்பி அப்பா கடன் வாங்கிக் கல்லு எறக்கிட்டாரு. ரெண்டு வருசம் அந்தக் கல்லு இங்கனதான் கெடந்துது. தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டா அப்பா எந்திரிச்சு நிப்பாரு. அதுக்குப் பொறவுதான் நான் கடுதாசிக்கு எழுதுகத நிறுத்தினேன்."

எனக்கு எங்கள் ஆபீஸ் ஸ்டீல் பீரோ ஞாபகம் வந்தது. கம்பாரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடும்போது குறைந்த விலைக்காரர் எல்-1, அடுத்தவர் எல்-2, எல்-3. எல்-1-க்கு ஆர்டர் போகும். எல்-2-வும் எல்-3-யும் மூன்றாவது தட்டுக்குப் போவார்கள். மாதம் பத்து பைல் என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது பேர். அதில் எத்தனை பேர் ஒரு பகல் உட்கார்ந்து எழுதினார்களோ! 'வேண்டாம், நன்றி' என்று நான் எழுதியது எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை. அவர்களே போன் பண்ணிக் கேட்டால், 'மேனேஜ்மென்ட்ல பெண்டிங் சார்' என்று சொல்லச் சொல்லி எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு ரேட் அனுப்பாதவர்களைத் திட்டிக்கொண்டே இதைச் செய்திருக்கிறேன்.

சர்க்கார் ஆபீஸைக் கிண்டல் பண்ணுவோம். ஆனால் அங்கேகூட 1998-ல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில், யாருக்கு டெண்டர் கிடைத்தது, மற்றவர்களை ஏன் தள்ளினோம் என்பதை டெண்டர் புல்லட்டினுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களை மாதிரி பிரைவேட் கம்பெனியை யார் கேட்பது?

"எனக்கு எழுதிக் குடுங்க ஐயா. பதில் நான் போடறேன்."

"தோத்தாலுமா?"

"தோத்தாலும்."

கோடு போட்ட நோட்டுப் பேப்பர் ஒன்றைக் கிழித்தார். அரிக்கேன் விளக்கெல்லாம் இல்லை, எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான். இரண்டு மணி நேரம் எழுதினார். மூன்று அடி வள்ளுவர், கையில் ஓலை, தாடி இவ்வளவு, பீடம் இவ்வளவு. கல் விலை தனி, கூலி தனி, லாரி தனி. கடைசியில் கண்டிஷன் என்று எழுதாமல் இப்படி எழுதினார்: 'வேலையின் நடுவில் கல் கீறினால் நஷ்டம் என்னைச் சேர்ந்தது. தொண்ணூறு நாளில் தரப்படும். மழை பெய்தால் கூடும்.'

டெலிவரி என்றதும் எனக்குக் கடல் நடுவில் நிற்கிற பெரிய வள்ளுவர் ஞாபகம் வந்தார். 1979-ல் அடிக்கல். 1990-ல் வேலை ஆரம்பம். கணபதி ஸ்தபதி முடித்து 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். 133 அடி. 2004 சுனாமி வந்து மோதியது. அசையவில்லை. கல்லுக்கு அவசரம் ஆகாது போலிருக்கிறது.

*

சென்னைக்கு வந்து பைலை வைத்தேன். நோட்டுப் பேப்பரைப் பார்த்து மேனேஜர், "இதென்ன ஜி.எஸ்.டி. நம்பரைப் பேனாவுல எழுதியிருக்கார்?" என்றார். படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குய்யா" என்றார். விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. ரிசப்ஷன் நாலாவது மாடி. லிஃப்டில் கல் ஏறாது, தரை தாங்குமா என்று இன்ஜினீயரைக் கேட்க வேண்டும், அவருக்கும் ஃபீஸ். எம்.டி.யின் மைத்துனர் சொன்னாராம், ஃபைபரில் செய்தால் ஒருவரே தோளில் தூக்கி வந்துவிடலாம், பார்க்கக் கல் மாதிரியே இருக்கும் என்று. சென்னையிலேயே ஆள் கிடைத்தார். அவர் எல்-1. மயிலாடிப் பெரியவர் எல்-2. எல்-3? "உன் பையில மூணு லெட்டர்பேடு இருக்குன்னியே, அதுல ஒண்ணை வை" என்றார் மேனேஜர். வைத்தேன். 'திருவல்லுவர்' பைலுக்குள் போனார். ஆடிட்டர் கண்ணில் படவே இல்லை. மாணிக்க மாலைக்குப் பதில் ஆன்லைனில் சந்தன மாலை.

அன்று மத்தியானம் ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன். 'தங்கள் கொட்டேஷன் ஏற்கப்படவில்லை. காரணம், எடை. தங்கள் படமும் கணக்கும் எங்களுக்கு மிகவும் உதவின. நன்றி.' டெஸ்பாட்ச் கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வாங்காததுக்கு எதுக்கு சார் லெட்டர்? எந்த ஹெட்ல எழுத?" என்றான். என் பாக்கெட்டிலிருந்து காசு கொடுத்து நானே தபால் பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து போன்.

"தம்பி, மயிலாடியிலேருந்து பேசுகேன். கார்டு வந்துது."

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்களை ரெண்டு மணி நேரம்..."

"அது கெடக்கட்டும். பையில போட்டு வச்சாச்சு. வேண்டாம்னு வந்த மொத கார்டு இதாக்கும். யாருக்குக் கிடைச்சுது?"

"ஃபைபர்ல பண்றாங்க ஐயா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் உளிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வெயிலு படுக எடத்துல வைக்காதிய தம்பி. வெளுத்துப் போவும்."